39 நாளில் ஒரு கல்லூரி!
வள்ளல் அழகப்பரின் வரலாறு

1947-ஆம் ஆண்டு. ஜூலை மாதம் 3-ந் தேதி.

சென்னையில் ஒரு விழா. அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டை ஒட்டி நடந்த விழா அது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். நாடு விடுதலை பெறப் போகிறது. படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்படுவார்கள். ஆனால் வெளியூர்களில் போதிய கல்லூரிகள் இல்லை. செல்வர்கள் முன்வந்து கல்லூரிகள் தொடங்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

இப்படிப்பட்ட வேண்டுகோளை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறோம். கேட்டவர்கள் கை தட்டுவார்கள். வீட்டுக்குப் போவார்கள். மறந்து விடுவார்கள்.

அன்று அப்படி நடக்கவில்லை. கூட்டத்தில் இருந்த ஒருவர் அங்கேயே ஒப்புக்கொண்டார். காரைக்குடியில் ஒரு கலைக் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 38.

ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி அந்தக் கல்லூரி திறக்கப்பட்டு விட்டது!

வாக்குக் கொடுத்த நாளுக்கும் திறந்த நாளுக்கும் இடையே 39 நாட்கள்தான். இந்தியாவின் விடுதலையைவிட அந்தக் கல்லூரி நான்கு நாள் மூத்தது.

அந்த வள்ளல்தான் அழகப்ப செட்டியார்.

வறண்ட பூமி

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர் என்று ஓர் ஊர். அங்கே 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி அழகப்பர் பிறந்தார். தந்தை ராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி.

அந்த வட்டாரம் அப்போது ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. இப்போது சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது.

அது காவிரி பாயும் பூமி அல்ல. செம்மண் நிலம். வானம் பார்த்த சீமை. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் முள்ளும் புதரும்தான்.

ஆனால் அந்த வறண்ட பூமியில்தான் அரண்மனை போன்ற வீடுகள் இருக்கின்றன. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்ட வீடுகள். பர்மாத் தேக்கில் தூண்கள். இத்தாலி தேசத்துச் சலவைக்கல் தரை.

இந்தச் செல்வம் எங்கிருந்து வந்தது? கடல் கடந்து வந்தது.

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் கப்பல் ஏறிப் போனார்கள். அங்கே பணம் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். பையன்கள் சிறு வயதிலேயே கணக்கு எழுதப் பழகினார்கள். கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, பிறகு சொந்தத் தொழில் தொடங்கினார்கள். அதுதான் அவர்களுடைய பள்ளிக்கூடம். அதுதான் கல்லூரி.

அவர்களிடம் ஒரு நல்ல பழக்கமும் இருந்தது. அதற்கு மகமை என்று பெயர். வியாபாரத்தில் வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தர்மத்துக்கு என்று தனியாக எடுத்து வைப்பார்கள். அந்தப் பணத்தில் கோயில்களைப் புதுப்பித்தார்கள். ஊருணி வெட்டினார்கள். சத்திரம் கட்டினார்கள். வேத பாடசாலை நடத்தினார்கள்.

அழகப்பர் பிறந்தது இப்படிப்பட்ட குடும்பத்தில்தான். தேடுவதும் கொடுப்பதும் அவருக்குப் பரம்பரைச் சொத்து.

கணக்குப் பிள்ளை அல்ல, எம்.ஏ.!

ஆனால் அழகப்பர் எல்லாப் பையன்களையும் போல நேரே பெட்டியடிக்குப் போகவில்லை. காரைக்குடி எஸ்.எம்.எஸ். வித்தியாசாலையில் படித்தார். பிறகு சென்னைக்குப் போய் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கில இலக்கியம் படித்தார். 21 வயதிலேயே எம்.ஏ. பட்டம் பெற்றார். நகரத்தார் சமூகத்தில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். லண்டனில் சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆனார். அங்குள்ள சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார். லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கிராய்டன் விமான நிலையத்தில் ஆகாய விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

கோட்டையூரில் பிறந்த பையன், வக்கீல் படிப்பும் படித்தான். வங்கித் தொழிலும் கற்றான். விமானமும் ஓட்டினான். 1930-களில் இது சாதாரண விஷயமா?

படிப்பு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதை அழகப்பர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் வாழ்க்கையிலேயே பார்த்துவிட்டார். பிற்காலத்தில் அவர் செய்த காரியங்களுக்கு இதுவே வித்து.

தொட்ட தொழில்கள்

ஊர் திரும்பியதும் அழகப்பர் தொழிலில் இறங்கினார். வட்டித் தொழிலோடு அவர் நின்றுவிடவில்லை. ஆலைத் தொழிலில் புகுந்தார்.

1937-ஆம் ஆண்டு கொச்சி சமஸ்தானத்தில் ஒரு நெசவாலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. கொச்சின் டெக்ஸ்டைல்ஸ் என்ற பெயரில் தொடங்கிய அந்த ஆலை, பிறகு அழகப்பா டெக்ஸ்டைல்ஸ் ஆயிற்று. அது இருந்த இடம் கேரளத்தில் திருச்சூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஊருக்கே அழகப்பநகர் என்று பெயர் வந்துவிட்டது.

மலேயாவில் ரப்பர் தோட்டங்கள். ஈயச் சுரங்கங்கள். கல்கத்தாவில் இன்ஷூரன்ஸ் தொழில். பம்பாயில் ஓட்டல். சென்னையில் சினிமாக் கொட்டகை. பங்கு மார்க்கெட் வியாபாரம். இப்படிப் பல திசைகளில் அவர் தொழில் பரவியது.

விமானம் ஓட்டக் கற்றவர் விமானத்தை மறப்பாரா? ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியையும் தொடங்கினார். அந்தக் கம்பெனி நீண்ட நாள் நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் தோன்றிய பல தனியார் விமானக் கம்பெனிகளின் கதி அதுதான். மிஞ்சியிருந்த கம்பெனிகளை 1953-ல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

தொழிலில் லாபமும் உண்டு. நஷ்டமும் உண்டு. அழகப்பர் இரண்டையும் பார்த்தார். ஆனால் கொடுப்பதை மட்டும் அவர் லாப நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடைபட்ட வழி

1942-ஆம் ஆண்டு பர்மாவை ஜப்பானியர் பிடித்தார்கள்.

பர்மாவில் நகரத்தாருக்கு லட்சக்கணக்கான ஏக்கர் நெல் வயல்கள் இருந்தன. கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனபோது அவர்கள் கைக்கு வந்த நிலங்கள் அவை. அதனால் பர்மிய மக்களுக்கு அவர்கள் மேல் கோபமும் இருந்தது. யுத்தம் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உயிர் தப்பி ஓடி வர வேண்டியதாயிற்று. பல பேர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு பர்மா விடுதலை பெற்றது. நிலங்கள் அந்த நாட்டு அரசாங்கத்துக்குப் போயின.

தாத்தா போன கப்பலில் பேரன் இனிப் போக முடியாது. அப்படியானால் பேரன் என்ன செய்வான்?

செட்டிநாட்டு வீடுகளில் எல்லாம் இந்தக் கேள்வி எழுந்தது. கப்பல் ஏறாத மற்ற சமூகத்துப் பிள்ளைகளின் நிலையோ இன்னும் மோசம். மழையை நம்பிய ஒரு துண்டு நிலம்தான் அவர்களுக்கு உண்டு.

இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருந்தது. படிப்பு!

பெட்டியில் உள்ள பணத்தை யுத்தம் கொண்டு போகும். நிலத்தைச் சட்டம் கொண்டு போகும். தலையில் உள்ள படிப்பை யாரும் கொண்டு போக முடியாது.

கண்டனூரில், தேவகோட்டையில், சிவகங்கையில், சுற்றியுள்ள கிராமங்களில் இருந்த பிள்ளைகள் பள்ளி இறுதி வகுப்பு முடித்தால் மதுரைக்கோ, திருச்சிக்கோ, சென்னைக்கோ போக வேண்டும். ரெயில் சத்தம், அறை வாடகை, சாப்பாட்டுச் செலவு. வசதி உள்ளவர்கள் போனார்கள். மற்றவர்கள் நின்றுவிட்டார்கள்.

முதல் கொடைகள்

நகரத்தாரில் கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்பே வழிகாட்டியிருந்தார். சிதம்பரத்தில் அவர் முயற்சியால் 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. கோயிலுக்குப் போன மகமைப் பணம் கல்விக்கும் போகலாம் என்பதை அது காட்டியது.

அழகப்பர் அந்த வழியில் நடந்தார். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறை அமைப்பதற்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்.

1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். எதற்கு? இலக்கியம் படித்தவர் இலக்கியத்துக்குக் கொடுக்கவில்லை. ரசாயனத் தொழில், நெசவுத் தொழில் ஆகியவற்றைச் சொல்லிக் கொடுக்கும் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடுத்தார். ஆலை நடத்தியவர் அல்லவா? ஆலைக்கு என்ஜினீயர்கள் தேவை என்று அவருக்குத் தெரியும். அதுவே கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. ஏ.சி. டெக் என்று மாணவர்கள் செல்லமாக அழைப்பது அதைத்தான். 1978 முதல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது.

ஆங்கில அரசாங்கம் அழகப்பருக்கு 'சர்' பட்டம் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய கௌரவம். இந்தியா விடுதலை பெற்றதும் அழகப்பர் அந்தப் பட்டத்தை விட்டுவிட்டார்.

காந்தி மாளிகை

மறுபடியும் 1947 ஜூலைக்கு வருவோம்.

கல்லூரி தொடங்குவதாகச் சொல்லியாகிவிட்டது. கட்டடம்? இல்லை. பேராசிரியர்கள்? இல்லை. நாற்காலி மேஜை? அதுவும் இல்லை.

வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? முதலில் நிலம் வாங்குவார். பிறகு கட்டடம் கட்டுவார். அதற்கு இரண்டு வருஷம் ஆகும். அதற்குள் இரண்டு வருஷத்து மாணவர்கள் படிப்பை விட்டிருப்பார்கள்.

அழகப்பர் காத்திருக்கவில்லை. காரைக்குடியில் காந்தி மாளிகை என்று ஒரு கட்டடம் இருந்தது. அங்கேயே கல்லூரியைத் தொடங்கிவிட்டார். வகுப்பு நடக்கட்டும், கட்டடம் பிறகு வரட்டும் என்பது அவர் முடிவு.

நெல் விதைக்கிறவன் பருவம் பார்ப்பான். களஞ்சியம் கட்டி முடியட்டும் என்று காத்திருக்க மாட்டான். அழகப்பர் செய்ததும் அதுதான்.

பிறகு ஊருக்கு வெளியே கட்டடங்கள் எழும்பின. முள் காடாகக் கிடந்த இடம் கல்லூரி வளாகம் ஆயிற்று. பேராசிரியர்கள் பெரிய நகரங்களை விட்டுக் காரைக்குடிக்கு வர வேண்டுமானால் அவர்கள் குடியிருக்க வீடு வேண்டும். மாணவர்கள் தங்க விடுதி வேண்டும். வெறும் வகுப்பறை கட்டினால் கல்லூரி ஆகிவிடாது. வறண்ட நிலத்தில் ஒரு புதிய ஊரையே உண்டாக்கும் வேலை அது.

300 ஏக்கர், 15 லட்சம்

கல்லூரி தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அழகப்பர் அதைவிடப் பெரிய காரியத்தில் இறங்கினார்.

விடுதலை பெற்ற இந்தியாவில் விஞ்ஞான ஆராய்ச்சிக்கூடங்கள் அமைக்கப் பிரதம மந்திரி நேரு விரும்பினார். விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதற்குத் திட்டம் போட்டார். டில்லியில் ஒன்று, பூனாவில் ஒன்று, ஜாம்ஷெட்பூரில் ஒன்று என்று இடங்கள் முடிவாயின. எல்லாம் பெரிய நகரங்கள், அல்லது பெரிய தொழில் ஊர்கள்.

அந்த வரிசையில் மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றும் இருந்தது.

மின்வேதியியல் என்றால் என்ன? பயப்பட வேண்டாம். அது நம் வீட்டிலேயே இருக்கிறது. டார்ச் விளக்கில் போடும் செல், மோட்டார் காரில் உள்ள பாட்டரி, இரண்டும் ரசாயனத்தில் இருந்து மின்சாரம் தருகின்றன. உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் காஸ்டிக் சோடா கிடைக்கிறது. சோப்புக்கும் துணிக்கும் அது தேவை. பாத்திரத்துக்கு முலாம் பூசுவதும் மின்சாரத்தால்தான். இரும்பு துருப்பிடிப்பதும் இந்த விஞ்ஞானத்தைச் சேர்ந்ததே. துருவைத் தடுத்தால் பாலமும் கப்பலும் நீண்ட நாள் உழைக்கும்.

இந்த ஆராய்ச்சிக்கூடம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று அழகப்பர் விரும்பினார். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க முன்வந்தார்.

15 லட்சம் என்பது இன்று ஒரு சிறிய வீட்டுக்குப் போதாமல் போகலாம். 1948-ல் அது மலைக்க வைக்கும் தொகை. முன்பு கிண்டிக் கல்லூரிக்குக் கொடுத்ததைப்போல் மூன்று மடங்கு.

அரசாங்கம் ஒப்புக்கொண்டது. 1948-ஆம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி நேருவே காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். நாலரை வருஷத்தில் கட்டடம் முடிந்தது. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் சமயத்தில், துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆராய்ச்சிக்கூடம் அழகப்பருடைய சொத்து அல்ல. மத்திய அரசாங்கத்தின் சொத்து. அதனால் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. அதன் பெயரில்கூட அவர் பெயர் இல்லை. விஞ்ஞானிகள் தம் ஊருக்கு வர வேண்டும், தம் ஊர்ப் பிள்ளைகள் அவர்களைப் பார்த்து வளர வேண்டும், அது போதும் என்று கொடுத்துவிட்டார்.

மழலை முதல் என்ஜினீயர் வரை

கல்வி என்பது ஏணி. நடுவில் ஒரு படி மட்டும் இருந்தால் யாரும் ஏற முடியாது. அழகப்பர் எல்லாப் படிகளையும் வைத்தார்.

சின்னக் குழந்தைகளுக்கு மாண்டிசோரிப் பள்ளி. பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி. 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. 1952-ல் என்ஜினீயரிங் கல்லூரி. பாலிடெக்னிக். உடற்பயிற்சிக் கல்லூரி. எல்லாம் ஒரே இடத்தில்.

ஆசிரியர் கல்லூரியை ஏன் தொடங்கினார் என்று யோசித்தால் அவருடைய அறிவு விளங்கும். ஒரு மாணவன் படித்தால் ஒரு குடும்பம் முன்னுக்கு வரும். ஓர் ஆசிரியர் உருவானால் ஒரு கிராமமே முன்னுக்கு வரும். காரைக்குடியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சுற்று வட்டாரப் பள்ளிகளுக்குப் போனார்கள். அவர்களிடம் படித்த பிள்ளைகள் மறுபடியும் காரைக்குடிக் கல்லூரிக்கு வந்தார்கள்.

பெண்கள் படிக்க வேண்டும் என்பதிலும் அவருக்கு அக்கறை அதிகம். கோட்டையூரில் அவருக்குச் சொந்தமான பெரிய மாளிகை இருந்தது. அந்த மாளிகையையே பெண்கள் கல்விக்கென்று கொடுத்துவிட்டார்.

செட்டிநாட்டில் வீடு என்றால் வெறும் சுவரும் கூரையும் அல்ல. கல்யாணம், காது குத்து, சாந்தி, சஷ்டியப்த பூர்த்தி எல்லாம் அந்த வீட்டில்தான். பாகம் பிரித்தாலும் வீட்டைப் பொதுவாக வைத்திருப்பார்கள். ஊர் ஊராகப் போனவர்கள் எல்லாம் விசேஷத்துக்கு அந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட சீமையில் பிறந்த ஒருவர் மாளிகையைக் கொடுத்தார் என்றால், அவர் கொடுத்தது பணத்தைவிடப் பெரியது.

கூட வந்த எதிரி

இவ்வளவும் செய்த மனிதர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை.

கொடிய நோய் ஒன்று அவரைப் பிடித்திருந்தது. அது வருஷக்கணக்கில் அவர் உடலை வருத்தியது. பணம் இருந்தது. டாக்டர்கள் இருந்தார்கள். ஆனாலும் நோய் விடவில்லை.

நோய் வந்தால் மனிதர்கள் இரண்டு விதமாக மாறுவார்கள். சிலர் கையை மூடிக்கொள்வார்கள். நாளைக்கு வேண்டுமே என்று பயப்படுவார்கள். சிலர் கையைத் திறப்பார்கள். நாளை என்பது நம் கையில் இல்லை, இன்றே செய்வோம் என்பார்கள். அழகப்பர் இரண்டாவது ரகம்.

அவருடைய வரலாற்றில் எங்கு பார்த்தாலும் அவசரம் தெரிகிறது. 39 நாளில் கல்லூரி. மறு வருஷமே ஆராய்ச்சிக்கூடம். இரண்டு வருஷம் கழித்து ஆசிரியர் கல்லூரி. அடுத்த இரண்டு வருஷத்தில் என்ஜினீயரிங் கல்லூரி. பத்து வருஷத்துக்குள் ஒரு கல்வி நகரமே எழும்பிவிட்டது. சாதாரணமாக இதற்கு மூன்று தலைமுறை ஆகும்.

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசாங்கம் அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்துப் பெருமைப்படுத்தியது.

ஒரு நாள் குறைந்தது

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி அழகப்பருக்கு 48 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அந்த நாள் வரவில்லை. அதற்கு முதல் நாள், ஏப்ரல் 5-ந் தேதி, அழகப்பர் கண்ணை மூடினார்.

50 வயதுகூட நிறையவில்லை. செட்டிநாட்டில் 60 வயது நிறைந்தால் பெரிய விழா எடுப்பார்கள். சொந்த பந்தம் எல்லாம் கூடும். அந்த விழாவை அவர் பார்க்கவில்லை.

கல்லூரி தொடங்கியபோது முதல் வகுப்பில் சேர்ந்த மாணவர்கள் அப்போது முப்பது வயதுகூட ஆகாத இளைஞர்கள். அவர்கள் பெரிய பதவிகளுக்கு வந்ததையும், அவர்களுடைய பிள்ளைகள் அதே கல்லூரியில் படித்ததையும் அழகப்பர் பார்க்கவில்லை. மரம் வைத்தவர் பழம் சாப்பிடவில்லை.

மரம் என்ன ஆயிற்று?

கொடுத்தவர் போன பிறகு கொடை நிற்குமா? இதுதான் பெரிய கேள்வி. எத்தனையோ சத்திரங்கள் இடிந்து போயின. எத்தனையோ கட்டளைகள் நின்று போயின. கொடுத்தவரின் கையை மட்டும் நம்பி இருந்தவை, அந்தக் கை ஓய்ந்ததும் ஓய்ந்துவிட்டன.

அழகப்பரின் கொடைகள் நின்றன. காரணம், அவை அவர் ஒருவருடைய கையை நம்பி இருக்கவில்லை. சிலவற்றை அவருடைய குடும்பத்தாரும் அறக்கட்டளையும் பார்த்துக்கொண்டார்கள். சிலவற்றை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. அவர் தொடங்கிய கலைக் கல்லூரி இன்று அழகப்பா அரசு கலைக் கல்லூரி. என்ஜினீயரிங் கல்லூரியும் அரசினர் கல்லூரிதான். அரசினர் கல்லூரி என்றால் ஏழை வீட்டுப் பிள்ளையும் தைரியமாகப் படி ஏறலாம்.

1985-ஆம் ஆண்டு தமிழக அரசாங்கம் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தியது. ஒரு கல்லூரிகூட இல்லாமல் இருந்த ஊர், 38 வருஷத்தில் பல்கலைக்கழக ஊர் ஆகிவிட்டது.

அவர் நிலம் கொடுத்த ஆராய்ச்சிக்கூடத்தில் இன்றும் விஞ்ஞானிகள் வேலை செய்கிறார்கள். மின்சார வண்டிகள் ஓடும் இந்தக் காலத்தில் பாட்டரி ஆராய்ச்சிக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. கடற்காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று மண்டபத்தில் கடலோரத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். பக்கத்துக் கடலில் போகும் கப்பலுக்கும் பாலத்துக்கும் அந்த அறிவு உதவுகிறது.

அன்று செட்டிநாட்டு இளைஞர்கள் கப்பல் ஏறி வெளிநாடு போனார்கள். இன்றும் அந்தச் சீமையின் பிள்ளைகள் வெளிநாடு போகிறார்கள். ஆனால் பெட்டியடிப் பையனாகப் போகவில்லை. என்ஜினீயராக, விஞ்ஞானியாக, ஆசிரியராகப் போகிறார்கள். அவர்களில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. உழவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

அழகப்பருடைய ரப்பர் தோட்டம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய விமானக் கம்பெனியின் பெயர் பலருக்கு ஞாபகம் இல்லை. அவர் தமக்கென்று வைத்துக்கொண்டவை எல்லாம் கை மாறிப் போயின. கொடுத்தவை மட்டும் அவர் பேரில் நிற்கின்றன.

காலை நேரத்தில் காரைக்குடிக்குப் போனால் பார்க்கலாம். கிராமத்துப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். கையில் சாப்பாட்டுப் பையோடு மாணவர்களும் மாணவிகளும் இறங்குவார்கள். அவர்களில் பலர், தங்கள் வீட்டில் முதல் முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்கள்.

39 நாள் அவசரப்பட்ட ஒரு மனிதர், அவர்களுக்காகத்தான் அவசரப்பட்டார்.